வருகைப் பதிவேட்டில் ஆவுடையப்பன்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் (ஊர்ப்பெயர் வேண்டாம், பாவம்) வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தேன். எனக்கு மேலே ஆறு பெயர்கள், ஆறும் ஒரே ஆள் எழுதியவை. வாசகர் வராத நாளில் நூலகரே நிரப்பிக்கொள்வது ஊரறிந்த சங்கதிதான். இருந்தாலும் கையும் களவுமாக நானே மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. இல்லாத ஆட்களுக்குப் பெயர் வைப்பதுதானே கதை எழுதும் என் பிழைப்பும்?

2

அதை வைத்து ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதிய தொடக்கம்: "முந்திரித் தோப்பின் மணத்தோடு விடிந்த அந்தக் காலையில் செவந்தி..." சகிக்கவில்லை. அடித்துவிட்டேன்.

நேராகவே வருகிறேன். கொட்டையை எடுத்துக்கொண்டு தோப்பில் அழுகவிடும் முந்திரிப்பழத்தில் செவந்தி ஜூஸ் போடுகிறாள். பல்கலைக்கழகமும் நூலகமும் சேர்ந்து புதுத்தொழில்காரர்களுக்கென்று ஒரு மேசை, ஒரு கணினி, தனிப் பதிவேடு வைத்தன. ஆறு மாதத்தில் அதிக நாள் வந்த ஒருவருக்கு மட்டும் முதலீட்டாளரைச் சந்திக்கும் வாய்ப்பு. மகளுக்கு டெங்கு வந்த நான்கு நாள் தவிர, நூலகம் திறந்திருந்த ஒருநாளும் செவந்தி தவறவில்லை. இதுவும் கைவிட்டால் தொழிலை மூட வேண்டியதுதான்.

3

அறிவிப்பில் வந்ததோ ஆவுடையப்பன் என்ற பெயர்.*

"யாருங்க சார் இவரு? பேரப் பதிவேட்டுல பார்த்திருக்கேன், ஆள இங்கிட்டுப் பார்த்ததே இல்லையே."

நூலகர் நிலவழகன் மின்விசிறியைப் பார்த்தார். "அப்படி ஆளே கெடையாதும்மா. நீ ஒருத்தி மட்டும் வந்தா பத்தாது, திட்டத்தையே எடுத்துட்டுப் போயிருவாங்க. அதான் தெனம் இந்தப் பேர எழுதுனேன். அதையும் எண்ணுவாங்கன்னு நெனைக்கல."

"அதச் சொல்லிருங்க சார்."

"சொன்னா என் வேலை போயிரும்." பதிவேட்டைத் திருப்பினார். "அத விடு, இதப் பாரு. போன வாரம் மூணு நாள் நான் லீவு. நூலகம் பூட்டிக் கெடந்துச்சு."

மூன்று நாளும் ஆவுடையப்பன் கையெழுத்துப் போட்டிருந்தார். அது நிலவழகன் எழுத்து இல்லை.

* ஏன் இந்தப் பெயர் என்று நிலவழகனைக் கேட்டேன். "தெரியலைங்க, பேனா அங்கிட்டுப் போச்சு" என்றார்.

4

சந்திப்பு நாளன்று செவந்தி மனம் கேளாமல் இரண்டு ஜூஸ் பாட்டிலோடு நூலகத்தில் வந்து நின்றாள். திருச்சியிலிருந்து வந்த முதலீட்டாளர் புவனேஸ்வரி சிரித்தார்.

"உட்காருங்க. ஆவுடையப்பன் சார் காலையில போன்ல பேசினார். தன்கிட்ட வேலை பார்க்கிற செவந்தி வருவாங்கன்னு சொன்னார். நீங்கதானே?"

மேசைக்கு அந்தப் பக்கம் நிலவழகன் தலையைத் தொங்கப்போட்டார். ஆமாம் என்றால், செவந்தி பாடுபட்டு உண்டாக்கிய தொழிலுக்கு இல்லாத ஒருவன் முதலாளி, அவள் கூலிக்காரி. இல்லை என்றால் நிலவழகனின் வேலை, மேசை, அவள் தொழில் எல்லாம் போகும்.

[முடிவு ஒன்று: "ஆமாங்க" என்று செவந்தி... மனசு வரவில்லை.]

[முடிவு இரண்டு: உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோது... இதற்கு மேல் ஓடவில்லை.]

எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள், கொஞ்சம் சீக்கிரம்.

"மேடம் கேக்குறாங்கல்ல, சொல்லு செவந்தி" என்று அவள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து, அதுவரை அங்கே கேட்டிராத ஓர் ஆண்குரல் வந்தது.

அந்த வரியை நான் எழுதவில்லை.