வேண்டுதல் தாடி

லூர்துசெல்வி கணவனின் விறைத்த விரல்களுக்கிடையில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சவப்பெட்டியின் மறுபக்கம் வந்து நின்ற நாத்தனார் மதலேன் அழவில்லை. குனிந்து தம்பியின் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"செல்வி, எந்தம்பி தாடி எங்க?"

நாகலூரில் அந்தத் தாடியைத் தெரியாதவர்கள் கிடையாது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மனுவேல் முப்பது வருஷம் ஒருநாள் தவறாமல் முகம் வழித்தவர். மகள் சாராவுக்கு இரண்டாவது கருவும் தங்காமல் போன அன்று, பேரப்பிள்ளை பிறந்து வேளாங்கண்ணியில் மொட்டை போடும்வரை முகத்தில் கத்தி படாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டார். பதினாலு மாசத்தில் தாடி நெஞ்சைத் தொட்டிருந்தது.

"நான்தானுங்க அண்ணி வழிச்சேன்."

"வேண்டுதல் முடியாமயா? அதான் மாதா கைய உட்டுட்டா. இனி அந்தப் புள்ளைக்கு..."

மதலேன் மீதியை மென்று முழுங்கினாள். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. தலைமாட்டில் நாற்காலியில் இருந்த சாரா, ஏழு மாச வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

லூர்துசெல்விக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அழுகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவரைச் சுமக்க நாலு பேர் வந்துவிடுவார்கள், இந்தப் பேச்சை இன்னும் இரண்டு மாசத்துக்கு மகள் ஒருத்தியே சுமக்க வேண்டும். பெட்டியை மூடுவதற்குள் அதை இறக்கி வைத்தாக வேண்டும் என்று முடிவெடுத்தாள்.

"உக்காருங்கண்ணி. நடந்தது பூராவும் சொல்லிடறேன். கேட்டுட்டு அப்பறம் பேசுங்க."

ஐந்து நாளைக்கு முன்பு நிமோனியாவோடு அவரை மலையிலிருந்து சேலத்துக்கு இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் எவ்வளவு ஆக்சிஜன் வைத்தும் மூச்சு வாங்குவது குறையவில்லை. மயக்க டாக்டர் சௌமியா வந்து, அவரைப் பார்த்த கையோடு லூர்துசெல்வியிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள்.

"குறட்டை விடுவாருங்களா?"

"நொம்பங்க. பக்கத்து ஊட்டு வரைக்கும் கேக்கும்."

"பல் செட் இருக்குதுங்களா?"

"மேல ரெண்டுங்க. கழட்டிப் பையில வச்சிருக்கேன்."

டாக்டர் அவர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தாள், தலையை அண்ணாக்கச் சொன்னாள். தொண்டை வழியாகக் குழாய் விட்டு மூச்சு மெஷினில் போட வேண்டும், ஆனால் இவருக்குக் குழாய் லேசில் போகாது போலிருக்கிறது என்றாள். மருந்து கொடுத்ததும் சொந்த மூச்சு நின்றுவிடும். குழாய் உள்ளே போகும்வரை முகத்தில் மாஸ்க்கை அழுத்தித்தான் காற்றுக் கொடுக்க வேண்டும்.

"தாடி மேல மாஸ்க் ஒட்டாதுங்கம்மா. காத்தெல்லாம் பக்கத்துல போயிரும். எடுத்தே ஆகோணும்."

மனுவேலுக்குக் காது நன்றாகக் கேட்டது. தாடியைக் கைக்குள் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். நர்ஸ் கிட்டே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"குடுங்க, நான் செய்யறேன்" என்று லூர்துசெல்வி நர்ஸிடமிருந்து சவர மெஷினை வாங்கினாள். "மாதாவும் ஒரு புள்ளையப் பெத்தவதானுங்க. அவகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க மூச்ச மட்டும் உடுங்க."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை தானாக இறங்கியது.

தாடி போனதும் சௌமியா அவர் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். மோவாய் உள்வாங்கியிருந்தது, அப்படி இருந்தால் குழாய் போவது இன்னும் கஷ்டமாம். லூர்துசெல்விக்கு அது புதிதில்லை. பெண் பார்க்க வந்த அன்றே, மாப்பிள்ளைக்கு மோவாய் வைக்க மறந்துவிட்டார்கள் என்று அவள் தங்கை சிரித்திருக்கிறாள். அதை ஒரு டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? சௌமியா உடனே பெரிய டாக்டரை வரவழைத்தாள். கேமரா வைத்த கருவி வந்தது. முடியாமல் போனால் கழுத்தில் துளையிட வேண்டிய சாமான்களையும் பிரித்துப் பக்கத்தில் வைத்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுத்தார்கள்.

"ரெண்டு தடவ குழாய் போவலீங்க அண்ணி. அந்த நேரம் பூரா மாஸ்க்குதான் மூச்சுக் குடுத்துச்சு. மூணாவது தடவதான் போச்சு. தாடி இருந்திருந்தா அன்னைக்கே இவரு இல்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"நாலு நாளு கழிச்சுப் போயிட்டானே. என்னத்தக் கண்ட?"

"மூணாம் நாளு கண்ணு முழிச்சாருங்க. இவ அவரு கைய எடுத்துத் தன் வயித்து மேல வச்சா. உள்ள புள்ள உதைச்சுது. வாயில குழாய். பேச முடியல. ஆனா கைய எடுக்கவே மாட்டேன்னுட்டாரு." லூர்துசெல்வியின் குரல் அங்கே ஒருமுறை உடைந்தது. செருமிச் சரிசெய்துகொண்டாள். "அந்த உதைய வாங்காம அவர அனுப்பியிருக்கச் சொல்றீங்களா?"

லூர்துசெல்வி மகள் பக்கம் திரும்பினாள்.

"எழுந்து வா கண்ணு."

சாரா தயங்கித் தயங்கி வந்தாள். லூர்துசெல்வி மகளின் விரலைப் பிடித்து மனுவேலின் மோவாயில் வைத்தாள். பிறகு அதே விரலை மகளின் மோவாயில் வைத்தாள்.

"அச்சு அப்பா மாதிரிதான் உனக்கும். டாக்டரம்மா உன்னையப் பார்த்ததுமே கண்டுக்கிட்டு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்திருக்காங்க. பிரசவத்துல ஆபரேசன்னு வந்தா, மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி அதக் காட்டோணும். நானே கூட வந்து காட்டுவேன். கத்தி பட்டதாலதான் கண்ணு இது நமக்குத் தெரிஞ்சுது. உம் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

"வேண்டுதலும்மா..."

"எந்தலையில முடி இல்லையா? உம் புள்ளையோட நானும் உக்காந்து மொட்டை போட்டுக்கறேன்."

சாரா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அன்று முதல்முறையாக அப்பாவுக்காக மட்டும் அழுதாள்.

வெளியே கோயில் உபதேசியார் நேரமாகிவிட்டது என்றார். மூடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். மதலேன் கடைசி முத்தம் கொடுக்கக் குனிந்தாள். நெற்றியில்தான் கொடுப்பது வழக்கம், அவள் மழித்த மோவாயில் கொடுத்தாள். நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த பிறகும் அவள் விரல்கள் தம்பியுடையதைப் போலவே உள்வாங்கிய தன் மோவாயின் கீழே அங்கும் இங்கும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன. மற்றக் கையைச் சாராவிடம் நீட்டினாள்.