மூன்றாவது பலகை

1

கண்ணைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரப் பலகையை ஒரு தட்டுத் தட்டினால் போதும். அது தண்டில் எந்த இடத்தில் இருந்தது என்பதிலிருந்து, அந்த மரத்தில் பால் வெட்டியவருக்கு அன்று பல்வலி இருந்ததா என்பது வரை ரெங்கராஜ் சொல்லிவிடுவார். இந்தக் கதை பிறந்ததே அந்தப் பெருமையில்தான். எழுதுகிறவரும் அவரேதான். "நான்" என்று எழுதினால் மனைவி அருணா சிரிக்கிறார், அதனால் "அவர்" ஆகிவிட்டார். குமரிப் பக்கம் ரப்பர் தோட்டத்து மரக்கிடங்கில் முப்பது வருடம் இருந்து, ஓய்வுபெற்று அறந்தாங்கிக்கு வந்தவர்.

[ஓரத்தில் பென்சில்: முப்பது இல்லை, இருபத்தாறு. பல்வலியை எடுங்க. — அருணா]

எடுக்கமாட்டார்.

2

தச்சுப் பட்டறைக்காரர் பெரியகருப்பன் உளியை ஓங்கிக்கொண்டு — (வேண்டாம். பாவம், சாது.)

மறுபடியும். பள்ளிக்கூடம் ஒன்று பெரியகருப்பனிடம் நாற்பது பெஞ்சு கேட்டிருந்தது. திங்கட்கிழமை கொண்டுபோகும் மாதிரி பெஞ்சு ஆடாமல் நின்றால்தான் மற்றவை. வாசல் நிலைக்கு மரத்தின் வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே என்று பார்த்துப் பார்த்து வைக்கிற கை அது. ரப்பர் மரத்திலும் அதே கவனம்: மாதிரி பெஞ்சின் ஐந்து பலகைகளையும் வேர்ப்பக்கம் ஒரே திசையில் வர ஒட்டியிருந்தார்.

அருணாவோடு பட்டறைக்குப் போன ரெங்கராஜ் கேட்டார்: "அடி நுனி பாத்தீங்க, சரி. உள்ள வெளிய பாத்தீங்களா? தண்டோட நடுப்பக்கத்துல அறுத்த பலகை மெத்துனு இருக்கும். காஞ்சா முறுக்கிக்கும். பட்டைப் பக்கம் வர வரத்தான் கெட்டி."

"ஒரே தண்டு சார். அங்கிட்டு ஒரு கொணம், இங்கிட்டு ஒரு கொணமா?"

"கண்ணக் கட்டுங்க, சொல்றேன்."

கட்டியாயிற்று. தட்டினார். "மூணாவது. எடுத்துருங்க."

"பிரிச்சு ஒட்ட ரெண்டு நாளு போயிரும் சார். திங்கக்கெழமை நான் என்னத்தக் கொண்டுபோறது? வெளையாடாதீங்க."

3

முடிவு ஒன்று: பிரிக்கவில்லை. பெஞ்சு குதிரையாகத் துள்ளி, தலைமையாசிரியையைக் கோட்டைப்பட்டினம் கடலில் —

(அருணா முறைக்கிறார்.)

முடிவு இரண்டு: முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார். மூன்றாவது பலகையைச் சுவரோரம் போட்டுவிட்டு வேறொன்றை ஒட்டினார். திங்கள் காலை பார்த்தால் சுவரோரத்துப் பலகை தொட்டிலாக வளைந்து கிடக்கிறது. பெரியகருப்பன் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பெஞ்சின் நடுவில் வைத்தார். பழம் —

இங்கே ரெங்கராஜ் பேனாவை மூடிவிடுகிறார். உருண்டதா, நின்றதா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இவர் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

[பென்சில்: நின்றது. நாற்பது பெஞ்சும் பெரியகருப்பனுக்கே கிடைத்தது. பல்வலி பொய், தொட்டில் பாதி பொய். ஆனால் அன்று கண்ணைக் கட்டியது நான். எட்டிப் பார்த்துவிடுவாரே என்று துண்டை மூன்றாக மடித்துக் கட்டினேன். நடந்ததுதான். — அருணா]