தேடும் ஆள்

எங்கள் குளிர்பதனக் கிடங்கில் ஒவ்வொருவருக்கும் ஒரு 'தேடும் ஆள்' உண்டு. உறைகுளிர் அறைக்குள் போனவர் வெளியே வரவில்லையென்றால் தேடிப்போக வேண்டிய சக ஊழியர். தரவுத்தளத்தைக் கவனிக்கும் எனக்கும் விலக்கில்லை. உள்ளே இருக்கும் கணினிகள் அடிக்கடி மக்கர் பண்ணும்.

அதற்கான விதிகளை எழுதியது நான்தான். தேடும் ஆள் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது. தன்னையே போட்டுக்கொள்ளக்கூடாது. யாருக்காவது தேடும் ஆளாக இருப்பவரின் பதிவை அழிக்க முடியாது. அழித்தால், இல்லாத ஆளை நம்பி ஒருவர் குளிரில் நிற்பார் அல்லவா?

இன்று காலை பணியாளர் பிரிவு அதிகாரி கூப்பிட்டார். "வேலைய விட்டுப் போனவங்க பதிவெல்லாம் அழிச்சாச்சு சார். ஒண்ணு மட்டும் அடம் பிடிக்குது. உங்க..." என்று இழுத்தார்.

என் மனைவியுடையது. முன்னாள் மனைவி என்று சொல்ல நாக்கு இன்னும் பழகவில்லை. பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தாள். கிடங்கையும் என்னையும் ஒரே மாதத்தில் விட்டுப் போனாள். ஊரிலேயே இல்லாதவளை நம்பித்தான் இத்தனை நாள் உள்ளே போய் வந்திருக்கிறேன். விதிக்கு அவள் பதிவு இருந்தால் போதும். ஆள் இருக்கிறாளா என்று அது பார்க்காது.

"சாயங்காலத்துக்குள்ள வேற யாரையாவது போட்டுருங்க சார்."

யாரை? பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். எல்லோருடைய பதிவும் எனக்கு அத்துப்படி. 'நான் வரலேன்னா தேடுவியா' என்று கேட்கும் அளவுக்கு ஒருவரோடும் பழக்கமில்லை. காலியாக விடலாம் என்று விதியை மாற்ற ஒரு வரி போதும். தட்டச்சுகூடச் செய்தேன். மனசு வராமல் அழித்துவிட்டேன். பெரிய நியாயவான்!

கடைசியில் வெட்கத்தை விட்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரிடம் கேட்டேன்.

"இதுக்குப் போயி தயங்குறீங்களேண்ணே! ஏற்கெனவே மூணு பேரத் தேடுறேன். உங்களையும் சேத்துத் தேடிட்டாப் போச்சு" என்று சிரித்தான்.

வந்து அவன் பெயரைப் போட்டேன். அவளை அழிக்கும் கட்டளையையும் நானே கொடுத்தேன். அதிகாரியிடம் விட மனசில்லை.

'ஒரு பதிவு நீக்கப்பட்டது' என்றது திரை. காலையில் மல்லுக்கு நின்றது, இப்போது ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அழுகை வந்தது. இவ்வளவு நாளும் அவளை இங்கே பிடித்து வைத்திருந்தது நான் ஒருவன்தான். அவளுக்கு அது தெரியவே தெரியாது.