காசு கொடுத்து வாங்கிய அழுக்கு

பெட்டியோடு வந்து நின்ற மகளைப் பார்த்து அவள் அப்பா முதலில் சொன்னது, "மெதுவா, மெதுவா, கதவை அப்படித் திறக்காத, காத்து வரும்" என்பதுதான். மகள் கைப்பிடியில் வைத்த கையை எடுக்காமல் நின்றுவிட்டாள். அது அவளுடைய அறை. கல்யாணத்துக்கு முன்பு அவள் படித்த, தூங்கிய, கதவைச் சாத்திக்கொண்டு அழுத அறை. இப்போது கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு நீள மேசையைப் போட்டு, நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு பொம்மை ராணுவ டாங்கிக்கு அவர் தூசு வைத்துக்கொண்டிருந்தார். வைத்துக்கொண்டிருந்தார் என்றால் நிஜமாகவேதான். குட்டிப் புட்டியிலிருந்து பழுப்புப் பொடியைப் பிரஷ் நுனியில் தொட்டு, சக்கரங்களுக்கு மேலே, குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார்.

மகளுக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்த அவள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல. தெருமுனையில் டிரைகிளீனிங் கடை அவளுடையது. அடுத்தவர்கள் கறையை எடுத்துத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது, மகள் படித்தாள், கல்யாணமும் நடந்தது. காலர் அழுக்கைப் பார்த்தே ஆள் பேருந்தில் போகிறவரா காரில் போகிறவரா என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளின் புருஷன், இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, காசு கொடுத்து அழுக்கு வாங்க ஆரம்பித்தார். தபாலில் வரும். புட்டிக்குப் புட்டி பெயர் வேறு: பாலைவனத் தூசு, காய்ந்த சேறு, பழைய துரு. "கடைக்கு வாங்க, கோணி நிறைய சும்மாவே அள்ளித் தர்றேன்" என்று அவள் முதல் முறை சொன்னபோது அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பெரும்பாலும் எதற்குமே பதில் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் ஒரு நாள், தெரியாத்தனமாக அவள் ஒரு டாங்கியை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். மனிதர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்போதுதான் அவளுக்கே விளங்கியது: அது படிந்த தூசு இல்லை, படிய வைத்த தூசு. இந்த மாதிரி பொம்மை வண்டிகளுக்கென்றே நடக்கும் கண்காட்சிக்கு முந்தின நாள் ஏதோ திரவத்தைத் தெளித்து அதை ஒட்ட வைப்பாராம். முன்கூட்டியே தெளித்தால் தூசின் நிறம் கறுத்துப்போய் சேறு மாதிரி ஆகிவிடுமாம். அதுவரைக்கும் யாரும் தும்மக்கூடக் கூடாது.

பெரிய டாங்கிகள் மேல் அவருக்கு ஆசை இல்லை. அதிலாவது ஒரு கம்பீரம் இருந்து தொலைக்கும் என்று அவள் நினைத்துக்கொள்வாள். இவருக்குப் பிடித்தது இலகு டாங்கி, அதாவது சின்ன டாங்கி. உலகப்போர் முடியும் சமயத்தில் செய்து, போர் முடிந்ததும் செய்தவனுக்கே வேண்டாமல் போய், ஊர் ஊராகக் கைமாறிய வண்டிகள். பிரான்ஸ்காரன் வாங்கினான், நார்வேக்காரன் வாங்கி இன்ஜினையும் பீரங்கியையும் மாற்றினான், ஜப்பானுக்குப் போனது, உருகுவேக்குப் போனது. ஒரே வண்டி, ஆளுக்கொரு சாயம். அதைத்தான் வரிசையாகச் செய்து கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்தார். அதைப் பற்றிப் பேச அவருக்கு இரண்டு சிநேகிதர்கள் உண்டு. ஒருவர் பல்டாக்டர்; நோயாளி வாயைத் திறந்து வைத்திருக்கும்போதே டாங்கிப் பேச்சைத் தொடங்கிவிடுவார், பாவம், அவர்களால் எதிர்த்துப் பேச முடியாது. இன்னொருவரை எல்லோரும் கர்னல் என்பார்கள். தபால் இலாகாவில் முத்திரை குத்தியவர். துப்பாக்கியைத் தொட்டதில்லை, ஆனால் மீசையை மட்டும் எல்லைக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தார். மூன்று பேரும் சேர்ந்தால் போதும், மேசையைச் சுற்றிக் குனிந்து நின்று, "இந்த வருஷம் இந்த நட்டு இங்க இருக்காதே" என்று மாடு தொலைத்தவர்கள் மாதிரி கவலைப்படுவார்கள்.

மகள் கூடத்து சோபாவில் படுத்தாள். பெட்டியை மூலையில் வைத்தாள், திறந்து துணிகளை அடுக்கவில்லை. வேண்டியதை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஜிப்பை இழுத்து மூடிவிடுவாள். அம்மாவுக்கு அதுதான் உறுத்தியது. மூடிய பெட்டி எந்த நேரமும் கிளம்பிவிடும். இவள் இருக்கட்டும், தன் வீட்டில் தன் அறையில் இருக்கட்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு அந்த வாரத்தில் வேறு நினைப்பே இல்லை. ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு மகள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அங்க யாரும் யார்கிட்டயும் நேரா பேச மாட்டாங்கம்மா. எல்லாம் என் வழியாத்தான்." அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, இதற்கா ஒருத்தி வீட்டை விட்டு வருவாள் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. ஆனால் கேட்கவில்லை. கேட்டால் கிளம்பிவிடுவாளோ என்று பயம்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, ரூமைக் காலி பண்ணித் தரச் சொல்லி" என்றாள் அம்மா, காய் நறுக்கிக்கொண்டே. அவர் பத்தடி தூரத்தில்தான் இருந்தார்.

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, ரூம்..."

"ஞாயித்துக்கிழமை கண்காட்சி. அது முடியட்டும்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"பொம்மைக்கு இருக்கிற இடம் பொண்ணுக்கு இல்லையான்னு கேளு."

மகள் கேட்கவில்லை. எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள். சோபாவில் படுத்துக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது, தலையை ஒரு பக்கமாகவே வைத்திருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதரைப் போய் இத்தனை வருஷம் ஒரு ஆளாக மதித்து மூன்று வேளையும் தட்டு வைத்திருக்கிறோமே என்று தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் அவர் சிநேகிதர்களை அழைத்துவரப் போனார். மாலையில் திரவம் தெளிக்க வேண்டும், அதற்கு முன்பு அவர்கள் ஒரு தடவை பார்த்துக் குறை சொல்ல வேண்டும். அவர் படியிறங்கிய பிறகு மகள் அந்த அறைக்குள் போனாள். சும்மா இருக்கப் பிடிக்காத பெண் அவள், சின்ன வயசிலேயே அப்படித்தான். மேசையைச் சுத்தம் செய்தாள், ஜன்னலைத் துடைத்தாள். பிறகு அலமாரிக் கண்ணாடியைத் திறந்தாள்.

"அம்மா, இதெல்லாம் ஒரே தூசியா இருக்கு. அப்பா இவ்வளவு ஆசையா செஞ்சு வெச்சிருக்காங்க, துடைக்கவே இல்ல போல. ஒரு துணி குடேன்."

அம்மா வாசலில் நின்றாள். மகள் கையில் ஜப்பான்காரனுடைய டாங்கி இருந்தது. ஒரு வார்த்தை போதும். 'வேண்டாம்' என்ற அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்ததை அவளே உணர்ந்தாள். உணர்ந்துவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த வெள்ளைத் துணியை, பஞ்சு பிரியாத நல்ல துணியை, குழாயில் நனைத்து, பதமாகப் பிழிந்து, மகள் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சமையலறைக்கு வந்து, வெந்துவிட்ட பருப்பை மறுபடியும் வேக வைத்தாள். வந்து பார்க்கட்டும். கத்தட்டும். கத்தினால் பதிலுக்குக் கேட்க அவளிடம் வருஷக்கணக்கில் சேர்ந்த கேள்விகள் இருந்தன. அப்புறம் ரூம் தானாகக் காலியாகும்.

மூவரும் வந்ததும் முதலில் அறைக்குள் போனது கர்னல். போன வேகத்தில் நின்றார். மீசை இறங்கிவிட்டது. "அய்யய்யோ" என்றார். பல்டாக்டர் எட்டிப் பார்த்து, சொத்தைப் பல்லைப் பார்க்க வந்த இடத்தில் பல்லே இல்லாததுபோல முழித்தார். டாங்கிகள் அத்தனையும் கடையில் வாங்கி அப்போதுதான் பிரித்த பொம்மைகள் மாதிரி பளபளவென்று நின்றன. பாலைவனமும் இல்லை, பனியும் இல்லை, எந்த ஊருக்கும் போய்வந்த அடையாளமே இல்லை.

"யாரு சார் இது பண்ணது?" என்றார் கர்னல்.

"நான்தான் மாமா. தூசியா இருந்துது." மகள் முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது. அது மெல்லப் போனது. "என்னாச்சு? ஏதாவது உடைஞ்சிடுச்சா? அம்மாதான் துணி நனைச்சுக் குடுத்தாங்க..."

அப்பா மகளைப் பார்க்கவில்லை. டாங்கிகளையும் பார்க்கவில்லை. குறை பார்க்கவென்று வந்ததும் நெற்றியில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றவளைப் பார்த்து, நேராக அவளிடமே சொன்னார்.

"உனக்குத் தெரியுமே."

கத்துவார் என்றுதான் அவள் காத்திருந்தாள். எப்போது கடைசியாக இவர் தன்னிடம் நேராகப் பேசினார் என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு பழக்கம் வாயைத் திறந்துவிட்டது.

"எனக்கு என்ன தெரியும்? தூசி மாதிரிதான் இருந்துதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

மகள் சொல்லவில்லை. கையிலிருந்த துணியை விரித்துப் பார்த்தாள். பழுப்பு, செம்மண், சாம்பல் என்று பட்டை பட்டையாக இருந்தது.

"அழுக்கு எது, சாயம் எதுன்னு உனக்குத் தெரியாதாம்மா?" என்றாள் மெதுவாக. "நான் அந்தக் கடையிலதான வளர்ந்தேன்."

"அம்மாடி, விடு, பரவாயில்ல, மறுபடியும் பண்ணிக்கலாம்..." என்று கர்னல் ஏதோ சொல்ல வந்தார்.

"இருங்க மாமா." மகள் துணியை மடித்து அம்மாவின் கையில் வைத்தாள். "அங்கேயும் இதேதான்மா. மாமனாரும் மாமியாரும் அடிச்சுக்கறதுக்கு நடுவுல நான் ஒரு கம்பு."

சிநேகிதர்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, சத்தம் போடாமல் இறங்கிப் போனார்கள். அவர் பரண்மேலிருந்து அட்டைப் பெட்டிகளை இறக்கினார். டாங்கிகளை ஒவ்வொன்றாகப் பழைய செய்தித்தாளில் சுற்றி உள்ளே வைத்தார். பொடிப் புட்டிகளை ஒரு பையில் போட்டுக் கட்டினார். மேசையைத் தனியாகவே இழுத்து பால்கனிக்குக் கொண்டுபோனார். உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. பிறகு கட்டிலை இறக்கிப் போட்டு மெத்தை விரித்தார். அம்மா கேட்டது அப்படியே, அவர் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே நடந்தது. விரிப்பு ஒரு பக்கம் தரையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரிப்பைக்கூட நேராகப் போடத் துப்பில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்த நினைப்பில் வழக்கமான ருசி இல்லை.

ரூம் காலியாக, ஜன்னல் துடைத்து, வெளிச்சமாக இருந்தது. மகள் உள்ளே போகவில்லை. கூடத்திலேயே இருந்தாள். அவர் பால்கனியில், மேசைக்கும் சுவருக்கும் இடையில் நாற்காலியைச் செருகிக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. 'சாப்பிட வாங்க' என்று அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். பத்தடி தூரம். அம்மா சமையலறைக்குப் பின்னாலிருந்த குழாயடிக்குப் போனாள்.

வாளியில் தண்ணீர் பிடித்து அந்தத் துணியைப் போட்டாள். எந்தக் கறை எதற்குப் போகும் என்று தெரிந்த கைக்கு இதில் வேலையே இல்லை. இது வெறும் பொடி, தண்ணீரைக் கண்டதுமே கழன்று இறங்கியது. துணி வெளுத்தது, தண்ணீர் கலங்கியது. அவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வைத்த ஊர்களெல்லாம் ஒன்றாகிக் காக்கி நிறத்தில் மெல்லச் சுழன்றன. அப்போது கூடத்தில் மகளுடைய பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. திறக்கிறாளா, மூடுகிறாளா? இத்தனை வருஷம் துணிமணிகளோடு கிடந்தவளுக்கு அந்தச் சத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வாளிக்குள் கையை விட்டபடி, ஜிப் இன்னொரு தடவை இழுபடுகிறதா என்று கேட்டுக்கொண்டு குனிந்தே நின்றாள்.