ராஜ்குமாரின் கை

என் வீட்டுக்காரர் மாதேஷின் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. ஆனால் ஆஸ்பத்திரிக் கணக்கில் போனது அவருடைய தம்பி ராஜ்குமாரின் கை. அவன் பேர், அவன் வயது, வலது கை துண்டிப்பு என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ராஜ்குமார் எங்கள் வீட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பரோட்டாவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அழுது அழுது சலித்திருந்தது.

நடந்தது இதுதான். நாங்கள் இருக்கும் ஓசூர் மூக்கண்டப்பள்ளி லைன் வீடுகளில் ஒருத்தன் ஊருக்குப் போனால் அவன் கம்பெனி கேட் கார்டை மாட்டிக்கொண்டு அண்ணனோ மச்சானோ வேலைக்குப் போவான். லீவு கேட்டால் காண்ட்ராக்டர் ஆளையே நிறுத்திவிடுவார். அவருக்கு வேண்டியது தலைக்கணக்கு. அது யார் தலை என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. ராஜ்குமார் சொந்த ஊரான கல்லாவிக்குக் கடலை பிடுங்கப் போனான். இவர் வேலை இல்லாமல் சும்மா இருந்தார். தம்பியே கூப்பிட்டு, "ண்ணா, நாலு நாளு நீ போயிட்டு வாண்ணா" என்று கார்டை இவர் கையில் கொடுத்தான். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கையை உள்ளே விட்டால் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் தானாக நிற்பதற்கு ஒரு சென்சார் உண்டாம். அது அடிக்கடி மெஷினை நிறுத்துகிறது, உருப்படி குறைகிறது என்று அணைத்து வைத்திருந்தார்கள். இவர் கை உள்ளே இருக்கும்போதே மெஷின் இறங்கிவிட்டது. நினைவில்லாமல் கிடந்தவரை சூப்பர்வைசர் சுபாஷ் வண்டியில் போட்டுக்கொண்டு போய், கழுத்தில் தொங்கிய கார்டைப் பார்த்துப் பேர் கொடுத்துவிட்டார். நான் ஓடிப்போய் மாதேஷ் எங்கே என்று கேட்டால், அப்படி யாரும் இங்கே சேரவில்லை என்றார்கள். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துத்தான் என் புருஷனைக் கண்டுபிடித்தேன்.

சுபாஷ் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். பாதி கன்னடத்தில்தான் பேசுவார். "கேஸு கீஸு பேடம்மா, வேணாம். ராஜ்குமார் பேர்ல வைத்தியம் ஃப்ரீயா ஆயிடுச்சில்ல, அப்டியே வுட்டுடுங்க" என்றார். பக்கத்து வீட்டு வெங்கடம்மாள், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சிக்கோ" என்றாள். சோறு பிசையும் கை அவளுக்குத் தலைப்பாகையாகத் தெரிகிறது. அவளோடு நான் பேச்சை விட்டேன்.

கிருஷ்ணகிரியில் ஜெயப்ரியா என்ற வக்கீலிடம் போனோம். என்னைவிட வயதில் சின்னவர். சர்க்கரை தடவிப் பேசத் தெரியாதவர். விசாரித்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் முறை போனபோது சொன்னார்.

"ரெண்டு வழி இருக்குங்க அக்கா. தொழிலாளர் இன்சூரன்ஸ்ல ஆயுசுக்கும் மாசாமாசம் வர்ற உதவித்தொகை ஒண்ணு. இல்லன்னா லேபர் ஆபீஸ்ல நஷ்டஈடு. பதிவுல பேர் இல்லாட்டியும் வேல செஞ்சவன் தொழிலாளிதான். ஆனா ரெண்டுக்கும் பூட்டு ஒண்ணுதான். அந்த மெஷின்ல நின்னது இவருதான், சும்மா பூந்த ஆளில்லன்னு காட்டணும்."

"கூட வேல செஞ்சவங்க இருக்காங்களே."

"எல்லாரையும் கேட்டாச்சு. யாரும் வாயத் தொறக்கல. அவங்களும் இன்னொருத்தர் கார்டுல போனவங்கதான? தம்பி ஒருத்தர்தான் பாக்கி. கார்டக் குடுத்து அனுப்புனது நான்தான், ஆள் மாறி வர்றது சூப்பர்வைசருக்கும் தெரியும்னு அவர் சொல்லணும். சொன்னா அவர் வேல போயிடும். ஏமாத்துனதா அவர் மேலயே கேஸும் வரலாம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். எங்களுக்குப் பூசாரி வீட்டுக்குள்ளேயே இருந்தான். அவன் பெண்டாட்டி அனுப்ரியாவுக்கு ஆறாம் மாதம். கேட்கவே எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"சொல்றேன் அண்ணி" என்றான். "வேல போனாப் போவுது. எனக்குப் போவ வேண்டிய கைதான அது." அன்றைக்கு அவன் காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது எனக்கு.

விசாரணைக்கு அவன் தனியாக வந்தான். எங்களோடு பஸ் ஏறவில்லை. லேபர் ஆபீஸில் சுபாஷுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் குனிந்து செல்போனைத் தேய்த்தான்.

அதிகாரி கேட்டார். "உங்க கார்டு அண்ணன்கிட்ட எப்படிப் போச்சு?"

ராஜ்குமார் சுவரைப் பார்த்துச் சொன்னான். "நான் ஊருக்குப் போயிருந்தனுங்க சார். கார்டு வூட்டுலதான் இருந்துச்சு. எடுத்துக்கினு போனது எனக்குத் தெரியாதுங்க."

"பொய் சொல்றான் சார், நான் பாத்தேன்" என்று எழுந்தேன். வக்கீல் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பெண்டாட்டி பேச்சு எடுபடாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். கம்பெனி வக்கீல் எழுந்து, திருட்டுக் கார்டில் உள்ளே நுழைந்த வெளியாளுக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும் என்று நிதானமாகக் கேட்டார். ஜெயப்ரியா விடவில்லை. "அவர் பொய் சொல்றார் சார். மனுதாரரையே கேளுங்க" என்றார்.

அதிகாரி என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. தம்பி குடுத்தாரா, நீங்களா எடுத்தீங்களா?"

இவர் ராஜ்குமாரைப் பார்த்தார். அவன் நிமிரவே இல்லை. அவனைப் பார்த்தபடியே இவர் சொன்னார்.

"நானாத்தாங்க எடுத்தேன். அவனுக்குத் தெரியாது."

அதிகாரி எழுதிக்கொண்டார். ஜெயப்ரியா காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். மேல்முறையீடு பற்றி ஏதோ சொன்னார். சொன்னவருக்கே அதில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் என் வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்தேன். "ஏன் மாமா அப்படிச் சொன்ன?"

"ரெண்டு பேருமே வெளிய நின்னு என்ன பண்றது ரேவதி? அவனாச்சும் கம்பெனி கேட்டுக்குள்ள போவட்டும்."

நல்ல மனசு என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். மெஷின் ஒரு கையைத்தான் எடுத்தது. இனி அவருக்குச் சோறு ஊட்டி, சட்டைப் பொத்தான் மாட்டி, கம்பெனி வேலையும் பார்க்க வேண்டிய என் இரண்டு கையையும் அவர் என்னைக் கேட்காமலே எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த நேரத்தில் கம்பெனிக்காரனையோ ராஜ்குமாரையோ எனக்கு வெறுக்கத் தோன்றவில்லை. இவரைத்தான் வெறுத்தேன். ஓசூர் பஸ் வந்தது. அவர் படியில் ஏறத் தடுமாறினார். நான்தான் பின்னாலிருந்து தாங்கி ஏற்றினேன்.