எதிர்த்தகவு

வாஷிங் மெஷின் மூடியைத் தொட்ட கையை மருமகள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இடுப்பிலிருந்த வாளி உருண்டது. ஈரத் துணிகள் சமையலறை வாசல்வரை சிதறின.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே மாமியார் வந்தாள்.

"ஷாக் அடிக்குது அத்தை."

"எனக்கு ஏன் அடிக்கல?" மெஷினின் தகரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கன்னத்தில் தட்டுவதுபோல் இரண்டு தட்டு தட்டினாள். "பச்சப்புள்ள மாதிரி சாதுவா நிக்குது. வேலைன்னா மட்டும் உனக்கு ஷாக் அடிக்கும்."

மாமியார் காலில் கனத்த ரப்பர் செருப்பு. குதிகால் வலிக்கு டாக்டர் சொன்னது. மாமனாருக்குத் தரையின் குளிர் ஆகாது, அவரும் போட்டிருப்பார். மகனுக்குப் போட்டுக்கொள்ளக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை. மருமகள் வந்த மறுநாளே அவளுடைய செருப்பு வாசலுக்கு வெளியே போனது. பெரியவங்க நடமாடுற வீட்டுல மருமக செருப்பு மாட்டிக்கிட்டுத் திரியறதா என்று மாமியார் கேட்டாள். அது கேள்வி இல்லை என்பது மருமகளுக்குப் புரிந்தது.

எலக்ட்ரீஷியன் ஒருமுறை வந்து பார்த்தார். "பிளக்குல எர்த்தே இல்லீங்க. தரையை உடைச்சு ஒயர் இழுக்கணும்." மாமனார் புதிதாகப் பதித்த டைல்ஸைப் பார்த்தார். "ஒருத்திக்கு மட்டும்தானே அடிக்குது" என்று அவரை அனுப்பிவைத்தார்.

கணவன் பள்ளியில் இயற்பியல் நடத்துபவன். மாலையில் கூடத்திலேயே டியூஷன்.

"மின்னழுத்தம் மாறல. மின்தடை பாதியாகுது. மின்னோட்டம்?"

"ரெண்டு மடங்கு சார்."

"மின்தடை பத்துல ஒரு பங்காச்சுன்னா?"

"பத்து மடங்கு சார். எதிர்த்தகவு. இது இறங்குனா அது ஏறும்."

"சபாஷ். மனப்பாடம் பண்ணாதீங்க. வீட்டுல கண்ணைத் திறந்து பாருங்க, எல்லாம் அங்கேயே இருக்கு."

மருமகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். விரல்நுனி இன்னும் மரத்திருந்தது.

"ஒரு சந்தேகம்," என்றாள். பிள்ளைகள் திரும்பினார்கள். "ஈரத் தரையில வெறுங்காலோட நிக்கிறவங்களுக்கு மின்தடை எப்படி இருக்கும்?"

கணவன் மார்க்கரை மூடினான். "உள்ள போ. அப்புறம் பேசலாம்."

பதில் தெரிந்த மகிழ்ச்சியில் ஒரு மாணவி முந்திக்கொண்டாள். "ரொம்பக் கம்மி அக்கா. ரப்பர் செருப்பு போட்டிருந்தா ரொம்ப ஜாஸ்தி. ரெண்டு பேரும் ஒரே இடத்தைத் தொட்டாலும்..." சாரின் முகத்தைப் பார்த்தாள். குனிந்து நோட்டைப் புரட்டினாள்.

பிள்ளைகள் போனபின் அவன் மெஷினருகே வந்தான். தொட்டான். "ஒண்ணும் பெரிசா இல்லையே."

"செருப்பைக் கழட்டிட்டுத் தொடுங்க."

அவன் குனிந்து ஈரத் தரையைப் பார்த்தான். கழற்றவில்லை.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

அவன் மார்க்கரைச் சட்டைப்பையில் செருகினான்.

"அப்போ என் செருப்பை உள்ள கொண்டு வரட்டுமா?"

"அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது? இதைப் போய்ப் பெரிசு பண்ணாதே. வேற வழி பண்றேன்."

மறுநாள் தடிமனான மரப்பலகை ஒன்றுடன் வந்தான். அடியில் ரப்பர் ஒட்டியிருந்தான். மெஷினுக்கு முன்னால் போட்டு, ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தான்.

"இதுமேல நின்னா கரண்ட் உடம்புல இறங்காதும்மா."

மாமியாருக்கு முகமெல்லாம் பல். "செருப்பும் வேணாம், டைல்ஸையும் உடைக்க வேணாம். படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்."

மருமகள் பலகையில் ஏறி நின்றாள். விரலை முதலில் லேசாக வைத்தாள். பிறகு முழுக் கையையும் வைத்தாள். ஒன்றும் இல்லை.

மாமியார் அழுக்குத் துணி மூட்டையோடு வந்தாள். நேற்றுவரை இருவரும் ஒரே உயரம். இன்று மருமகளின் முகத்தைப் பார்க்க மாமியார் அண்ணாந்து நிற்க வேண்டியிருந்தது. அவள் முகம் சுருங்கியது.

"என்னடி இது, எனக்கு மேல நின்னுக்கிட்டு? நான் வந்தா கீழ இறங்கி நிக்கத் தெரியாதா?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மருமகளின் ஒரு கை மூடியின்மேல் இருந்தது. தரையில் சோப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது.

"துணியை இப்படிக் குடுங்க அத்தை," என்றாள், இறங்காமல்.