இரண்டாவது சர்டிபிகேட்

மூத்த மருமகளுக்கு பாங்கில் பூதக்கண்ணாடி என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. வைத்ததில் தப்பும் இல்லை. ஏற்றுமதிப் பிரிவில் அவள் மேஜையைத் தாண்டாமல் ஒரு காகிதம் வெளிநாட்டுக்குப் போகாது. எல்.சி. என்றால் பெரிய பிரம்ம வித்தை ஒன்றுமில்லை. சரக்கு வாங்குகிறவனுடைய பாங்கு கொடுக்கிற வாக்கு அது: 'நான் கேட்ட காகிதங்களை, கேட்டபடி, கேட்ட தேதிக்குள் கொடு, பணம் தருகிறேன்.' பை கிழிசலா, சட்டைக்குப் பொத்தான் இருக்கிறதா என்று எந்த பாங்கும் கப்பலில் ஏறிப் பார்ப்பதில்லை. காகிதத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். இன்வாய்ஸ் ஒன்று சொல்லி, சரக்கு எந்த நாட்டில் செய்தது என்று வர்த்தக சபை முத்திரை குத்தித் தருகிற ஆரிஜின் சர்டிபிகேட் வேறொன்று சொன்னால் போச்சு, அத்தனையும் திரும்பி வந்துவிடும். அதனால் அவள் இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு, ஸ்கேலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவாள்.

புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவள்தான். "சர்டிபிகேட்ல சரக்கோட பேரைப் பொதுவாச் சொன்னா போதும். இன்வாய்ஸ்ல இருக்கற மாதிரி வரிக்கு வரி வேணும்னு அடம் பிடிக்காதீங்க. ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்பாள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாங்கில் இவ்வளவு மரியாதை. வீட்டுக்கு வந்தால்? வீட்டுக்கு யாராவது வந்தால் மாமியார் அறிமுகம் செய்கிற அழகைக் கேட்க வேண்டுமே! "இவ பெரியவ. பாங்குல ஏதோ பேப்பர் பாக்கறா" என்பாள். அதோடு சரி. அப்புறம் இளைய மருமகள் பக்கம் திரும்பினால் வாய் நிற்காது. "எங்க சின்னவ இருக்காளே, அவ கை பட்டா துணிகூடப் பேசும்!"

ஏதோ பேப்பர்! அந்த 'ஏதோ' மூத்தவளுக்கு முள்ளாகக் குத்தும். இத்தனை வருஷம் விடிந்ததும் சமைத்து வைத்துவிட்டு, கூட்டத்தில் இடிபட்டுப் போய்ச் சம்பாதித்தவள் அவள். இளையவள் வந்து நாலு நாள் ஆகவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் பின்கட்டில் ஒரு தையல் மிஷினைப் போட்டுத் துணிப்பை தைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள், வாடகைக்கு மிஷின்கள் வந்தன. திடீரென்று ஒரு நாள் வெளிநாட்டு ஆர்டர். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. கொழுந்தன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தான். மூத்தவளின் கணவனாவது சும்மா இருந்தானா? "கெட்டிக்காரிப்பா!" என்று சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் சொன்னான். தன்னை ஒரு நாளாவது அப்படிச் சொன்னதுண்டா என்று மூத்தவள் யோசித்துப் பார்த்தாள். இல்லை. வயிறு எரிந்தது. பொறாமை என்று அதற்குப் பெயர் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன, எரிகிறது எரியத்தானே செய்யும்.

இளையவளுக்கோ அந்த முதல் லோடுதான் உயிர். அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வருஷம் முழுக்க ஆர்டர் என்று வாங்குகிறவன் சொல்லியிருந்தான். சேராவிட்டால் மிஷின்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பின்கட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

கப்பல் கிளம்பியதும் காகிதங்கள் பாங்குக்கு வந்தன. உறையின் மேலே இருந்த பெயரைப் பார்த்த மேனேஜர் கேட்டார். "உங்க ஓரகத்தியோடதா? சொந்தக்காரங்கன்னா வேற மேஜைக்கு மாத்திடறேனே."

"வேண்டாம் சார். நானே பார்த்துடறேன்."

பார்த்தாள். ஸ்கேல் இறங்க இறங்க அவள் முகமும் இறங்கியது. தேதி சரி. எடை சரி. பெட்டியின் அடையாளக் குறி சரி. வாங்குகிறவன் முகவரியில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. முதல் தடவை காகிதம் போடுகிறவர்கள் பத்து இடத்திலாவது சொதப்புவார்கள். இவள் ஒரு இடத்தில்கூடச் சொதப்பவில்லை. வேறு யாராவதாக இருந்தால் 'பரவாயில்லையே' என்று மெச்சி, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பாள். இன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

மறுபடி மேலிருந்து ஆரம்பித்தாள். கல்லில் நார் உரிக்கிற வேலை. கடைசியில் ஒரு நார் கிடைத்தது. இன்வாய்ஸில் 'பருத்தித் துணிப்பை, நீளக் கைப்பிடியுடன், சாயம் ஏற்றாதது, மூன்று அளவு' என்று இருந்தது. சர்டிபிகேட்டில் 'பருத்தித் துணிப்பைகள்' என்று மட்டும். பொதுவாகச் சொல்லியிருக்கிறது. சொன்னால் போதும். போதும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவளே பென்சிலை எடுத்து அந்த வரிக்கு வட்டம் போட்டாள்.

போன் போட்ட கொஞ்ச நேரத்தில் இளையவள் ஓடி வந்தாள். வாசலிலிருந்தே, "அக்கா!" என்று கூப்பிட்டாள். கவுண்டரில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இங்க அக்கா நொக்கா எல்லாம் வேண்டாம். இது ஆபீஸ். மேடம்னு கூப்பிடு."

இளையவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி மேடம். என்ன தப்பு மேடம்?"

"பையோட விவரம் முழுசா இல்ல. இன்வாய்ஸ்ல இருக்கற மாதிரியே போட்டு, புது சர்டிபிகேட் வாங்கிட்டு வா."

"ஐயோ, நாளைக்குத்தானே கடைசி நாள்?"

"அதுக்கு நான் என்ன பண்றது? எல்.சி.ல தேதி நானா போட்டேன்?"

ஒரு முணுமுணுப்பு உண்டா, முகச்சுளிப்பு உண்டா? "நல்ல வேளை, நீங்க பார்த்தீங்க. அங்க போய் மாட்டியிருந்தா என் கதி என்ன ஆகறது!" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு இளையவள் படியிறங்கி ஓடினாள். மூத்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெயிலில் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டிருந்தாள். ஓடட்டும், நன்றாக ஓடட்டும் என்று நினைத்தாள். நாம் மட்டும் ஓடவில்லையா?

மறுநாள் பாங்கு மூடுகிற நேரத்துக்கு இளையவள் வந்தாள். தலை கலைந்து, ரவிக்கை முதுகு நனைந்து, கையில் புது சர்டிபிகேட்டோடு.

"பெரிய கூத்து மேடம்! ஒரு இன்வாய்ஸுக்கு ஒரு சர்டிபிகேட்தானாம். அதே இன்வாய்ஸுக்கு இன்னொண்ணு தர முடியாதுன்னுட்டாங்க. புது நம்பர்ல இன்வாய்ஸ் போட்டுக் கொண்டான்னாங்க. வீட்டுக்கு ஓடிப் போய்ப் போட்டு, திரும்ப வந்து, அதுக்கப்புறம்தான் சீல் வெச்சாங்க..."

மூத்தவள் காதில் இது ஒன்றும் ஏறவில்லை. அவள் அந்த நனைந்த ரவிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணியைப் பேச வைக்கிற கை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜில்லென்று இருந்தது, சொல்லப்போனால்.

"சரி சரி, கதை அப்புறம். சர்டிபிகேட்டைக் குடு."

வாங்கினாள். ஸ்கேலை எடுக்கவில்லை. நேராகப் பைகளின் விவரம் இருந்த வரிக்குப் போனாள். நீளக் கைப்பிடி இருக்கிறது, சாயம் ஏற்றாதது இருக்கிறது, மூன்று அளவு இருக்கிறது. தான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் செய்திருக்கிறாள்! அந்தத் திருப்தியில் கையெழுத்தைப் போட்டு, பழைய காகிதங்களோடு சேர்த்து அனுப்பிவிட்டாள்.

அடுத்த வாரம் அந்த நாட்டு பாங்கிலிருந்து பதில் வந்தது. மேனேஜர் அதைத் தானே கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "நீங்க பார்த்ததாச்சே, எப்படி?" என்று கேட்டார். அதட்டவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

ஒரே வரிதான். சர்டிபிகேட் இரண்டாம் நம்பர் இன்வாய்ஸைச் சொல்கிறது. நீங்கள் அனுப்பியிருப்பது ஒன்றாம் நம்பர் இன்வாய்ஸ். ஏற்க முடியாது.

புது சர்டிபிகேட்டின் நகலை எடுத்துப் பார்த்தாள். அவள் அன்றைக்குச் சரிபார்த்த வரிக்கு நேர் கீழே இருந்தது அந்த நம்பர். ஸ்கேலை ஒரே ஒரு வரி இறக்கியிருந்தால் போதும். 'புது நம்பர்ல இன்வாய்ஸ் போட்டுக் கொண்டான்னாங்க' என்று இளையவள் மூச்சிரைக்கச் சொன்னது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. திருத்தி அனுப்பலாம் என்றால் கடைசித் தேதி எப்போதோ போய்விட்டது. வாங்குகிறவன் மனசு வைத்தால் தப்போடு ஏற்றுக்கொள்ளலாம். அவனுக்கு அதற்குள் இன்னும் மலிவாக வேறு ஆள் கிடைத்துவிட்டான்; சாக்குக் கிடைக்காதா என்று காத்திருந்தவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பைகள் கண் காணாத துறைமுகத்தில் கிடந்தன. வருஷ ஆர்டர் வாயோடு போயிற்று.

அன்றைக்கு வீட்டில் மாமியார் இளையவளை உலுக்கி எடுத்துவிட்டாள். "அறிவு வேண்டாம்? பெரியவ கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பார்த்து, தப்பை எடுத்துக் குடுத்தா. அதுக்கப்புறமும் கோட்டை விட்டியே! அவ இல்லேன்னா இன்னும் என்னென்ன குளறுபடி பண்ணியிருப்பியோ? அவ படிப்பென்ன, வேலையென்ன!"

"ஆமா அத்தை, அக்கா மேல தப்பு ஒண்ணுமில்ல. நான்தான் புது இன்வாய்ஸைக் குடுக்காம பையிலேயே வெச்சுட்டேன்" என்றாள் இளையவள். அழுது முகம் வீங்கியிருந்தது.

எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை! மாமியார் வாயால், கொழுந்தனும் கணவனும் கேட்க. மூத்தவள் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். மாமியார் இன்னொரு கரண்டி சோறு அவள் தட்டில் வைத்தாள். வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவு நாள் பட்டினி கிடந்தவளுக்கு அந்தக் கரண்டியைத் தள்ள மனசு வரவில்லை.

மிஷின்களை ஏற்றிப் போக வண்டி வந்த அன்று இளையவள் வர்த்தக சபைக்குப் போயிருந்தாள். அந்த லோடை வேறு யாருக்காவது தள்ளிவிட முடியுமா, அதற்குக் காகிதம் எப்படிப் போடுவது என்று கேட்கப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது மூத்தவள் சமையலறையில் தனியாக இருந்தாள். மாமியார் கூடத்தில்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? சபையில சீல் போடற ஆள் சொன்னார், 'முதல் சர்டிபிகேட்டே சரியாத்தானேம்மா இருந்தது, பொதுவாப் போட்டா போதுமே, யார் திருப்பினது'ன்னு. எனக்குப் புரியல. அதை அப்படியே அனுப்பியிருந்தா திருப்பியிருப்பாங்களா?"

அடுப்பில் எதுவும் இல்லாவிட்டாலும் மூத்தவள் அடுப்பைப் பார்த்தாள். 'ஆமா, திருப்பியிருப்பாங்க' என்று சொன்னால் முடிந்தது. இந்த வீட்டில் யாருக்கும் உண்மை தெரியப் போவதில்லை. பூதக்கண்ணாடி சொன்னால் சபைக்காரன் சொன்னது எடுபடுமா? ஆனால் மனுஷரைப் பற்றி ஆயிரம் பொய் சொன்ன அந்த நாக்கு, அந்த ஒரு வட்டத்தைத் தவிர, காகிதத்தைப் பற்றிப் பொய் சொல்லிப் பழகியிருக்கவில்லை.

"திருப்பியிருக்க மாட்டாங்க" என்றாள். "அதுல தப்பே இல்ல."

"அப்ப ஏன் அக்கா?"

"உன்னை எல்லாரும் தூக்கி வெச்சுக் கொண்டாடினாங்க. எனக்குத் தாங்கல."

இளையவள் கத்துவாள், கூடத்துக்கு ஓடிப் போய் மாமியாரிடம் சொல்லுவாள் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை. பின்கட்டிலிருந்து கடைசி மிஷினைத் தூக்கிப் போகிற சத்தம் கேட்டது. பார்த்து, பார்த்து என்று யாரோ சொன்னார்கள். அது போய் முடிகிற வரைக்கும் காது கொடுத்த இளையவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து தட்டுகளை எடுத்தாள். எல்லாருக்கும் வரிசையாக வைத்தாள். மூத்தவளின் தட்டையும் அதன் இடத்தில்தான் வைத்தாள்.

"சாப்பாடு எடுத்து வெக்கட்டுமா, மேடம்?" என்று கேட்டாள்.

கூடத்திலிருந்த மாமியார், "என்னடி புதுசா மேடம்?" என்று சிரித்தாள்.